தூங்க வைத்த லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குள்ளே ஒரு பேச்சு உண்டு. வெளியாருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பழுதான லிஃப்டைச் சரி செய்யாமல் சுவிட்சை அணைத்து, கதவில் 'பாகம் வர வேண்டும்' என்று ஒரு பலகையை மாட்டிவிட்டு நடையைக் கட்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தூங்க வைக்கிறது'. "அந்த பேங்க் கட்டடத்து லிஃப்டா? அதைத் தூங்க வெச்சுட்டு வந்துட்டேன்பா" என்று ஒருவன் சொன்னால் மற்றவர்கள் கமுக்கமாகச் சிரித்துக்கொள்வார்கள். எல்லாம் கம்பெனி போட்ட ஒரு சட்டத்தால் வந்த வினை. ஒரு லிஃப்டைக் கடைசியாக யார் தொட்டாரோ, அடுத்த இரண்டு நாளைக்குள் அது மறுபடி மக்கர் பண்ணினால் அவர்தான் ஓட வேண்டும். கல்யாண வீட்டில் இருந்தாலும் சரி, கக்கூஸில் இருந்தாலும் சரி, போன் அவருக்குத்தான் வரும். ஓடுகிற லிஃப்ட் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். தூங்குகிற லிஃப்ட் எங்கே நிற்கப் போகிறது? ஒரு பயல் போன் பண்ண மாட்டான். என்ன மூளை பாருங்கள்!

நம்முடைய மெக்கானிக் அந்த வேலையை ஒருநாளும் செய்ததில்லை. சும்மா சொல்லக் கூடாது, தொழிலில் மனுஷன் சுத்தம். அவர்கூட வேலை பார்க்கும் 'கொட்டாவி' என்பவன் வாரத்துக்கு ஒரு லிஃப்டையாவது தூங்க வைப்பவன். அந்தப் பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். அவனை ஒருநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். "மேல ஒரு கர்ப்பிணி இருப்பா, ஒரு நோயாளி இருப்பான். நீ பலகையை மாட்டிட்டு வீட்டுல போய்க் காலை நீட்டுவே. உனக்கெல்லாம் சோறு எப்படிய்யா இறங்குது?" என்று கேட்டார். கொட்டாவி, "உங்களுக்கும் ஒருநாள் வரும்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தான்.

மெக்கானிக்குக்கும் பட்டப்பெயர் உண்டு. அது வெளியே வைத்ததல்ல, வீட்டில் பெற்ற மகள் வைத்தது. 'ரெண்டு நிமிஷம்.' போன் வந்தால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துகொண்டே, "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். பள்ளிக்கூட ஆண்டு விழா, உறவினர் வீட்டு விசேஷம், கடைவீதி, சினிமா, எல்லாமே இந்த ரெண்டு நிமிஷத்தில் கரைந்து போனவை. "அம்மா, ரெண்டு நிமிஷம் வந்துட்டாரு, கதவைத் திற" என்று மகள் கத்தினால் அவரே சிரித்துவிடுவார். மனைவி சிரிக்க மாட்டாள்.

மனைவிக்கு ஒரு துணி சலவைத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. ஊர் ஊராய்ப் போய்ச் சுற்றுகிறவர்கள் படுத்து எழுந்த விரிப்புகள். "எத்தனை பேர் எங்கெங்கயோ போறாங்க, நான் அவங்க அழுக்கை மட்டும் பார்க்கிறேன்" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னாள். அவரும் உடனே, "உன்னை ஒரு மலை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றார். பிறகு வருஷம் தவறாமல் அதையே சொன்னார். மகள் வளர்ந்து பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள். போன வருஷம் மனைவி சண்டை போடாமல், குரல்கூட உயர்த்தாமல் சொன்னாள்: "என்னங்க, நீங்க என்னைக் கூட்டிட்டுப் போக வேண்டாம். கூட்டிட்டுப் போறேன்னு சொல்லாம இருந்தா அது போதும்."

அன்றிலிருந்து அவர் சொல்வதை விட்டுவிட்டார். அது முள்ளாய் உள்ளே கிடந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பாதி வழியில் நின்று நின்று போகிறது என்று முந்தின நாள் புகார். மெக்கானிக் பார்த்தார். மூன்றாவது மாடிக் கதவுப் பூட்டுக்குள் இருக்கும் செம்புத் துண்டு தேய்ந்துபோயிருந்தது. கதவு சரியாக மூடியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்வது அந்தத் துண்டுதான். அது தேய்ந்தால் லிஃப்ட் சந்தேகப்பட்டு நின்றுவிடும். விரல் நீளம்கூட இல்லாத சாமான். ஸ்டோரிலிருந்து புதிது வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாட்டி, எல்லா மாடியிலும் கதவைத் திறந்து மூடிப் பார்க்க மத்தியானம் ஆகும், அவ்வளவுதான். மொட்டை மாடி மோட்டார் அறையில் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். மனைவியிடமிருந்து போன் வந்தது.

அவள் வேலை நேரத்தில் போன் பண்ணுகிறவள் அல்ல. இவர் அவசரமாக எடுத்து, "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல. ஃபேக்டரி முழுக்கப் பூச்சி மருந்து அடிக்கிறாங்களாம். நாளைக்கும் நாளன்னைக்கும் யாரும் உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க. ரெண்டு நாள் லீவு."

"அட!"

"நம்ம பொண்ணும் திங்கக்கிழமை ஹாஸ்டலுக்குக் கிளம்பிடுவா." பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. "சரி, சும்மா சொன்னேன். வெச்சிடறேன்."

சும்மா சொன்னாளாம். அந்த 'சும்மா'வில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாதா? போனை வைக்கவிடாமல், யோசிக்காமல் கொள்ளாமல் மனுஷன் வாயைத் திறந்தார். "இரு, இரு. நாளைக்குக் காலையில ஏரிக்குப் போறோம். மூணு பேரும். நாளன்னைக்கு சாயங்காலம் திரும்பறோம்."

"போன் வருமே?"

"வராது."

"எப்படி வராம இருக்கும்?"

"வராதுன்னா வராது. நீ துணியை எடுத்து வை."

சொல்லியாயிற்று. ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருக்கிறது. இரண்டு நாளாக இவர் தொட்டது இந்த லிஃப்டை மட்டும்தான்; இதை இப்போது சரி செய்தால் கடைசியாகத் தொட்டவர் இவர்தான். பழைய லிஃப்ட். ஒரு கதவு சரியானால் இன்னொரு கதவு முரண்டு பிடிக்கும் ரகம். சனிக்கிழமை நின்றால் ஏரிக்கரையில் போன் அடிக்கும். அவர் எழுந்து, "ரெண்டு நிமிஷம்" என்பார். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாத அந்த முகத்தை நினைத்துப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டார். சுவிட்சை அணைத்தது அணைத்தபடியே விட்டார். கொட்டாவிக்குக் கட்டாயம் விக்கல் எடுத்திருக்கும்.

மோட்டார் அறையிலிருந்து இறங்கினால் நான்காவது மாடி. அங்கேதான் ஒரு தையல்காரர் தன் அக்காவோடு குடியிருந்தார். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். கையால் இயக்குகிற தையல் மிஷினில் திரைச்சீலை, தலையணை உறை என்று தைத்துக் கொடுப்பவர். சாயங்காலமானால் சக்கர நாற்காலியில் லிஃப்டில் இறங்கித் தெருவில் போய் நிற்பார். போகிற வருகிற எல்லாரிடமும் வாயடிப்பார். முன்பு ஒருமுறை லிஃப்ட் நின்றபோது, நாலு பேர் சேர்ந்து அவரை நாற்காலியோடு தூக்கிப் படியில் இறக்கினார்கள். "மூட்டையைக் கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாத் தூக்குவாங்கண்ணே. ஒரு தடவை போதும். இனி செத்தாதான் என்னை யாராவது தூக்கணும்" என்று மெக்கானிக்கிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மெக்கானிக் வேலைக்கு வரும்போதெல்லாம் அக்கா டீ போட்டுக் கொடுப்பாள். தையல்காரர் வாசலில் இருந்தபடி பேசிக்கொண்டே இருப்பார். மெக்கானிக் மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டு, மேலேயிருந்து "ஆமா தம்பி, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பாதி காதில் விழும், பாதி விழாது.

அன்றைக்கு அந்த வாசலைச் சத்தம் போடாமல் கடக்கப் பார்த்தார். திருடன்கூட இவ்வளவு மெதுவாக நடந்திருக்க மாட்டான்.

"அண்ணே, ஓடுதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்ல தம்பி. பாகம் வரணும்."

தையல் மிஷின் நின்றது. "எப்ப வரும்?"

"திங்கக்கிழமை ஆகும்." பாகம் சட்டைப் பையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"திங்கக்கிழமையா?" குரல் வாசலுக்குக் கிட்டே வந்தது. "வேற ஏதும் வழி இல்லையாண்ணே? ஒரே ஒரு நாள் ஓடுற மாதிரி?"

"இல்ல தம்பி."

"சரி, பரவாயில்ல. பாகம் வரலன்னா நீங்கதான் என்ன பண்ணுவீங்க."

மெக்கானிக் கீழே வந்து பலகையை மாட்டினார். வீட்டுக்குள் இருக்கிற மனுஷன், வீட்டிலேயே இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறார், குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் நான்கு மாடி இறங்கி வரும் வரைக்கும் அந்தத் தையல் மிஷின் மறுபடி ஓடவே இல்லை. அது அவர் காதில் நன்றாக விழுந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரே அமர்க்களம். மகள் கட்டிலில் துணிகளைக் குவித்துவைத்து நடுவில் உட்கார்ந்திருந்தாள். குளிருமா, மழை வருமா என்று போனில் தேடிக்கொண்டிருந்தாள். "அப்பா, அங்க மேகமா இருக்குமாம். மேகம்னா மழையா, சும்மா மேகமா?" என்று கேட்டாள். மனைவி சலவைத் தொழிற்சாலை முறையில் ஒவ்வொரு துணியையும் அட்டை மாதிரி மடித்து அடுக்கினாள். இருந்தாலும் அவள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. பைக்கு ஜிப் போடாமலே வைத்திருந்தாள். எந்த நிமிஷமும் திரும்ப எடுத்து அலமாரியில் வைக்க வேண்டியிருக்கும் என்ற அனுபவம்.

"எந்த ஏரி? எங்க தங்கறது? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள்.

அடேயப்பா, அதை யார் யோசித்தார்? 'மலை ஏரி' என்று இத்தனை வருஷம் சொன்னாரே தவிர, எந்த ஏரி என்று அவருக்கே தெரியாது. திருதிருவென்று விழித்தார். அப்போதுதான் தையல்காரர் ஒருநாள் போனில் காட்டிய படம் ஞாபகம் வந்தது. சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர், கரையில் ஓடு போட்ட ஒரு சின்ன விடுதி. "பஸ் விடுதி வாசல் வரைக்கும் போகுதுண்ணே. படகு வேற இருக்கு. ஒருத்தரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்று அவர் பூரித்துப்போய்ச் சொன்னது ஞாபகம் வந்தது. விடுதியின் பெயர்கூட நினைவிருந்தது. மற்றபடி அவர் என்ன சொன்னார், எதற்குச் சொன்னார் என்பது மட்டும் வரவில்லை. மகள் நம்பரைத் தேடி எடுத்தாள். விடுதி அம்மா எடுத்ததுமே, "சார், சனி ஞாயிறு ஒரு ரூம்கூட இல்ல. முந்தின நாள் கேட்டா நான் எங்க போவேன்?" என்றாள். மகள் விடவில்லை. போனை வாங்கிக்கொண்டு, தான் ஹாஸ்டலுக்குப் போகிறதையும், அப்பா ஆயுசில் முதல் தடவையாக லீவு எடுத்திருப்பதையும் சொல்லிக் கெஞ்சினாள். "நம்பரைக் குடும்மா, யாராவது வரலன்னா கூப்பிடறேன்" என்று அந்த அம்மா வைத்துவிட்டாள்.

பிறகு நாலைந்து இடம் கேட்டார்கள். எங்கும் கிடைக்கவில்லை. கடைசி நேரத்தில் கிளம்புகிறவனுக்கு யார் இடம் வைத்திருப்பார்கள்? காலையில் போய்ச் சாயங்காலமே திரும்பிவிடலாமா என்று பேசினார்கள். பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும் என்று விட்டார்கள். மகளின் உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மனைவி எழுந்து பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். "பரவாயில்லங்க, நினைச்சீங்களே, அதுவே பெருசு" என்றாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். கம்பெனி இல்லை, விடுதி. "சார், உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு ரூம் இப்பதான் காலியாச்சு. ஏரியைப் பார்த்த ரூம், கீழ்த்தளம். வர்றீங்களா?"

மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மனைவி துண்டைத் திரும்ப எடுத்து வந்து பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். மூடிவிட்டு அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. நிறைந்த இடத்திலேயே எதுவோ உறுத்தவும் செய்தது. சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டபோது மனைவி பையைத் துழாவி, "இது என்ன, செம்புத் துண்டு?" என்று நீட்டினாள். "ஒண்ணுமில்ல, பழசு" என்று வாங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காலை பஸ் மலை ஏறும்போது மகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மேகத்தைப் பிடிக்கப் பார்த்தாள். "சும்மா மேகம்தான்பா!" என்றாள். மனைவி அவர் தோளில் சாய்ந்து வந்தாள். வழியில் இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. தூங்குகிற லிஃப்டுக்காக யார் கூப்பிடுவார்கள்?

ஏரி படத்தில் பார்த்ததைவிட அழகு. காற்று அடித்தால் மலையின் நிழல் தண்ணீரில் கலைந்து கலைந்து சேர்ந்தது. மகள் பையை இழுத்துக்கொண்டு அறைக்கு ஓடினாள். அறை வாசலில் படிக்குப் பதில் சரிவாகச் சிமெண்ட் பூசியிருந்தது. "அப்பா, சறுக்கு மரம் மாதிரி இருக்கு, பையைத் தூக்கவே வேண்டாம்!" என்று உருட்டிக்கொண்டு போனாள். கதவு அகலமாக இருந்தது. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு கட்டில் தாழ்வாகக் கிடந்தது, அதுவும் குறுக்கே திருப்பிப் போட்டிருந்தார்கள்.

மெக்கானிக் சரிவில் பாதி ஏறியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

விடுதி அம்மா சாவியோடு பின்னால் வந்தாள். "கட்டிலை நேராப் போடச் சொல்லட்டுமா சார்? இந்த ரூமைக் கேட்டிருந்தவருக்கு எந்திரிச்சு நிக்க முடியாது. படுத்துக்கிட்டே தண்ணி தெரியணும், அந்த மாதிரி போட்டு வைங்கன்னு கேட்டிருந்தாரு. ரொம்ப மாசமா சொல்லி வெச்சிருந்தாரு, பாவம். நேத்து சாயங்காலம் கூப்பிட்டு வர முடியலன்னுட்டாரு. அவங்க கட்டடத்துல லிஃப்ட் ஓடலையாம். பாகம் கிடைக்கலையாம்."

மெக்கானிக்குக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டு "ஆமா தம்பி, ஆமா" என்றாரே, அப்போது தையல்காரர் சொன்னது இதைத்தான். 'நானும் அக்காவும் போறோம்ணே, வண்டிக்குக்கூட சொல்லிட்டேன், இந்த மாசக் கடைசி சனிக்கிழமை.' இடத்தைக் காதில் வாங்கியவர் நாளை விட்டுவிட்டார். ஒரே ஒரு நாள் ஓடுற மாதிரி வழி இல்லையா என்று அந்த மனுஷன் கேட்டது இந்த நாளுக்காகத்தான்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று மனைவி வந்தாள். விடுதி அம்மா போனதும் அவர் எல்லாவற்றையும் சொன்னார். கால்சட்டைப் பையிலிருந்து செம்புத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உங்களுக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்லவேளை சொல்லவில்லை.

மனைவி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் இத்தனை வருஷம் எங்கயும் போகாம இருந்தேனே, அப்பகூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இல்ல" என்றாள். "எங்களைக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒரு மனுஷனை மாடியில அடைச்சு வெச்சுட்டு வந்திருக்கீங்க. இப்ப இந்தத் தண்ணியை நான் எந்தக் கண்ணால பார்க்கிறது?"

"நான் போயி..."

"போங்க. ரெண்டு நிமிஷம்னு மட்டும் சொல்லாதீங்க."

மகள் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்ததும் மெதுவாக எழுந்து, விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிச் சரி செய்தாள்.

அவர்கள் இருவரையும் விடுதியில் விட்டுவிட்டு மலை இறங்கும் பஸ்ஸில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. ஊருக்கு வந்து, வீட்டில் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் போகும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மூன்றாவது மாடிப் பூட்டைக் கழற்றினார். பழைய துண்டை எடுத்துப் புதியதைப் பொருத்தினார். வேலை அவ்வளவுதான், எழவெடுத்த வேலை! மேலே போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு, எல்லா மாடியிலும் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். லிஃப்ட் சாதுவாக ஏறி இறங்கியது. பலகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நான்காவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

அக்கா திறந்தாள். "அண்ணனா? டேய், லிஃப்டுக்காரண்ணன் வந்திருக்காருடா. லீவு நாளும் அதுவுமா!" உள்ளே தையல்காரர் மிஷின் முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தார். ஆணியில் ஒரு புதுச் சட்டை தொங்கியது, இளநீலக் கட்டம் போட்டது. ஊருக்கெல்லாம் தைப்பவர் தனக்கென்று தைத்த சட்டை. மடிப்புக் கலையாமல் இருந்தது.

"பாகம் வந்துடுச்சாண்ணே? சனிக்கிழமைன்னுகூடப் பார்க்காம எனக்காக வந்தீங்களா?" தையல்காரர் கும்பிடாத குறையாகக் கேட்டார். "அக்கா, டீ போடு. நான் சொன்னேன்ல, இந்த அண்ணன் மாதிரி ஆளு கிடைக்காதுன்னு."

அந்த டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? பஸ்ஸில் வரும்போது அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். ஆனால் அந்த நன்றியை அவரால் தாங்க முடியவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கப் போன அக்காவை, "வேண்டாம்மா" என்று நிறுத்தினார்.

"தம்பி, பாகம் நேத்தே இருந்துச்சு. என் சட்டைப் பையிலயே இருந்துச்சு. எனக்கு ரெண்டு நாள் போன் வரக் கூடாதுன்னு லிஃப்டை நிறுத்திட்டுப் போனேன். நீங்க காட்டின ஏரிக்குத்தான் போனோம். உங்க ரூமை எடுத்தது நாங்கதான். அது உங்க ரூம்னு அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது."

அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை நீவினார் என்று தெரியாது.

"கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தாங்களா?" என்றார்.

"போட்டிருந்தாங்க."

"படுத்துப் பார்த்தீங்களா? படுத்தா தண்ணி தெரியுதா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "படுக்கல தம்பி. பார்க்கல."

"அதையாவது பார்த்துட்டு வந்திருக்கலாம்லண்ணே." முதல் தடவையாக அந்தக் குரல் உடைந்தது. "மூணு மாசமா அதை ஒண்ணைத்தான் நினைச்சுக்கிட்டுப் படுக்கறேன்."

"இப்பவே கிளம்பலாம் தம்பி, வண்டி பிடிக்கிறேன். ரூம் உங்களுதுதான்."

"உங்க பொண்டாட்டி பிள்ளையை வெளிய நிக்க வெச்சுட்டு நான் போய்ப் படுக்கணுமா? எனக்கு எப்படிண்ணே தண்ணி தெரியும்?"

"அப்ப அடுத்த மாசம். நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். என் பொறுப்பு, சத்தியமா..."

"அதெல்லாம் சொல்லாதீங்க." தையல்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க ஒண்ணும் என்னைக் கூட்டிட்டுப் போக வேண்டாம். லிஃப்டு ஓடட்டும். நானே போயிக்குவேன்."

மனைவி சொன்னதும் அதேதான். வேறு வாய், அதே வார்த்தை. மெக்கானிக் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பலகையை இடுக்கிக்கொண்டு, லிஃப்டில் ஏற மனம் வராமல், படியில் இறங்கினார்.

கீழே வந்து போனை எடுத்தார். மகளைக் கூப்பிட்டு, "அந்தக் கட்டில்ல படுத்துப் பாரும்மா, தண்ணி தெரியுதான்னு சொல்லு" என்று கேட்க நினைத்தார். கேட்டு என்ன செய்வது, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் போனைப் பையில் போட்டார். அப்போது அவர் பின்னால் லிஃப்டின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. லிஃப்ட் மேலே போயிற்று. நான்காவது மாடியில் நின்றது. பிறகு இறங்கி வந்தது.

கதவு திறந்தது. தையல்காரர் அந்த இளநீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலிச் சக்கரத்தைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். மெக்கானிக் சுவரோரம் ஒதுங்கினார். தையல்காரர் அவர் பக்கம் திரும்பாமல் அவரைத் தாண்டி, தெருவுக்குப் போய், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டார்.

ஏரிக்குத் திரும்ப மெக்கானிக் பஸ்ஸுக்குப் போக வேண்டும். தெருவுக்குப் போக அந்த ஒரு வழிதான். தையல்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.